ஒரு கல்லறைக்கு ஒரு குடும்பம்

செய்ந்நன்றி மறவாமையே மனிதனுக்கு அழகு என்பதைச் சிறு பராயத்திலேயே நமக்குக் கற்பிக்கின்றனர். ஆயினும், நன்மை செய்தவன் இன்னான் என்றே அறியாதவிடத்து, அவன் மண்ணுள் மறைந்து எண்பது ஆண்டுகள் கழிந்துவிட்டவிடத்து, அவனுக்கு நன்றி செலுத்துவது எங்ஙனம்? நன்றி என்பது முகம் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தை மாத்திரந்தானா? அன்றி, காணியும் வீடும் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் வழிவழியாகக் கையளிக்கத்தக்க முதுசமா?

இவ்வினாவுக்கு ஏட்டிலன்றி வாழ்க்கையிலே விடை கண்டிருக்கின்றது ஒரு சிற்றூர். அதன் பெயர் மார்கிராட்டன். நெதர்லாந்து தேசத்தின் தென்கோடியில், லிம்பேர்க் மாகாணத்தில், மாஸ்ட்ரிக்ட் நகருக்குக் கிழக்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அவ்வூர்.

நெதர்லாந்தை நம் முன்னோர் ஒல்லாந்து என வழங்கினர். ஒல்லாந்தர் என்றதும் நமக்கு யாழ்ப்பாணக் கோட்டையும் பழைய தோம்புகளும் நினைவுக்கு வரும். 1796ஆம் ஆண்டுவரை இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டவர் அவரே. அயல்நாட்டிலே கோட்டை கட்டியிருந்த அந்த இனத்தவர், தம் நாடு அயலார் கைப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை 1940ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி முதல் தாமே அனுபவித்தறிந்தனர்.

நான்காண்டு இருள்

அன்று விடியற்காலையில் ஹிட்லரின் சேனைகள் எல்லையைக் கடந்தன. லிம்பேர்க்கின் தென்பகுதி ஒரே நாளில் வீழ்ந்தது. சில தினங்களில் நாடு முழுவதும் பணிந்தது. அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அம்மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. தொழிலாளர் பலர் ஜேர்மன் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டனர். அந்நாட்டில் வாழ்ந்த யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டுச் சென்று கொல்லப்பட்டனர். இரவில் ஒரு கதவு தட்டப்பட்டால் அண்டை வீடுகள் அனைத்தும் மூச்சடக்கிக் கேட்டிருந்த காலம் அது.

1944ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி, அமெரிக்க இராணுவத்தின் 30ஆவது காலாட்படைப் பிரிவு பெல்ஜிய எல்லையைக் கடந்து மெஸ் என்னும் சிற்றூருக்குள் நுழைந்தது. நெதர்லாந்தில் முதன்முதல் விடுதலை பெற்ற ஊர் அதுவே. இரண்டு தினங்களுள் மாஸ்ட்ரிக்ட் நகரும் விடுபட்டது. அக்கம்பக்கத்துக் கிராமங்களும் விடுபட்டன. அப்போது மார்கிராட்டனில் வாழ்ந்தோர் சுமார் 1,500 பேர்.

ஆனால் யுத்தம் முடியவில்லை. நாட்டின் வடபகுதி 1945 மே மாதம் வரை எதிரியின் பிடியிலேயே இருந்தது. ஜேர்மன் எல்லையோ மார்கிராட்டனுக்கு மிக அருகில். ஆகவே போர்முனைக்குச் செல்லும் வீரரும், அங்கிருந்து சில நாள் ஓய்வுக்காகத் திரும்புவோரும் அப்பிரதேசத்து வீடுகளிலேயே தங்கினர். அவர்களுக்குத் தாய்மார் படுக்கை விரித்தனர். நனைந்த காலுறைகளை அடுப்பருகே உலர்த்திக் கொடுத்தனர். மொழி தெரியாத அந்த வாலிபர் குழந்தைகளுக்குச் சொக்கலேற்றுக் கொடுத்தனர். தம் வீட்டாரின் புகைப்படங்களை எடுத்துக் காட்டினர். பின்னர் ஒரு நாள் கட்டளை வரும், போய்விடுவர். போனவர்களிற் சிலர் திரும்பி வந்தனர், லொறிகளில், உயிரற்ற உடல்களாக.

மழையும் சேறும்

வீழ்ந்த தன் வீரரைப் பகைவர் மண்ணில் விட்டுவைப்பதில்லை என்பது அமெரிக்க இராணுவத்தின் தீர்மானம். ஆகன் நகர்ப் போரிலும், ஹூர்ட்கன் காட்டிலும், பின்னர் றூர் ஆற்றையும் ரைன் நதியையும் கடந்த காலத்திலும் மாண்டோரை எல்லைக்கு இப்பால் கொண்டுவந்து அடக்கஞ் செய்ய ஓர் இடம் வேண்டியிருந்தது. ரோமர் காலந்தொட்டுச் சேனைகள் நடந்த பழைய பெருவழியின் ஓரத்திலே, மார்கிராட்டன் விவசாயிகளின் விளைநிலம் அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டது. 1944 நவம்பரில் முதற் குழிகள் வெட்டப்பட்டன.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மழை விடாது பெய்தது. வயல் முழுவதும் சேறு. தோண்டிய குழியின் கரை சரிந்து விழும், மீண்டும் தோண்டவேண்டும். மண்வெட்டியும் கூந்தாலியுமே கருவிகள். ஒவ்வொரு வீரனும் கழுத்தில் இரண்டு அடையாளத் தகடுகள் அணிந்திருப்பான். அவற்றில் ஒன்றை உடலோடு புதைத்து, மற்றையதை மரச்சிலுவையில் அறைந்துவிடுவர். யூதராயின் சிலுவைக்குப் பதிலாகத் தாவீதின் நட்சத்திரம். யுத்தம் முடிந்த காலத்தில் அவ்வயலில் அடக்கப்பட்டிருந்த அமெரிக்கர் 17,000 பேருக்கு மேல். ஊரில் உயிரோடிருந்தவர்களைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகமானோர் ஊரருகே மண்ணுள் துயின்றனர்!

ஊரவர் இதனை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இங்கே கிடப்போர் தம் பொருட்டு மாண்டவர். அவர்களுடைய தாய்மாரோ கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். ஆகையால் தாயின் இடத்தில் நின்று அக்குழியருகே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதற்கு ஒருவராவது வேண்டாமா என்று அவர்கள் எண்ணினர். இவ்வெண்ணத்திலிருந்தே, 1945ஆம் ஆண்டில், உலகில் அதற்குமுன் பெரிதும் அறியப்படாத ஒரு முயற்சி பிறந்தது. ஒவ்வொரு கல்லறையையும் ஒவ்வொரு குடும்பம் தத்தெடுத்துக்கொள்வது என ஏற்பாடாயிற்று.

மலர்கள் வந்து சேர்ந்த இரவு

1945 மே மாதம் 8ஆந் திகதி ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்தது. மே 30ஆந் திகதி, அமெரிக்கர் தம் போர்வீரரை நினைவுகூரும் நாள். அதற்கு முந்திய தினம் இருபது லொறிகள் புறப்பட்டு அறுபது கிராமங்களைச் சுற்றிவந்து மலர்களைச் சேகரித்தன. நான்காண்டு வறுமையின் பின் ஒரு குடியானவன் வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும்? ஆனால் வசந்தகாலம் முற்றத்தில் மலர்களை மிச்சம் வைத்திருந்தது. அவற்றை முழுவதுமாகப் பறித்துக் கொடுத்துவிட்டனர். ஆடவரும் பெண்டிரும் சிறுவருமாக ஏறக்குறைய இருநூறு பேர் இரவு முழுவதும் கண்விழித்து, அம்மலர்களை மண்மேடுகள் மீது வரிசையாக வைத்தனர்.

பொழுது விடிந்ததும் மாஸ்ட்ரிக்டிலிருந்து வரும் வீதி மனிதரால் நிறைந்தது. காலால் நடந்தும், துவிச்சக்கரவண்டியிலும், குதிரை வண்டியிலுமாக வந்தவர்கள் சுமார் முப்பதினாயிரம் பேர். அன்று அங்கே வெற்றி ஆரவாரம் இருக்கவில்லை. கைநிறைய மலர்களோடு, குனிந்து பெயர்களை வாசித்துச் செல்லும் கூட்டமே இருந்தது.

தத்தெடுத்தவர் செய்யும் கடமை

கல்லறையைத் தத்தெடுப்பது என்றால் என்ன? இதனைச் சற்று விளக்கமாகக் கூறுதல் நன்று. புல் வெட்டுவதும், கல் துலக்குவதும், மரங்களைப் பேணுவதும் அக்குடும்பத்தாரின் வேலையன்று. அவற்றை அமெரிக்க அரசின் போர் நினைவுச்சின்ன ஆணைக்குழு குறைவறச் செய்துவருகின்றது. குடும்பத்தாரின் கடமை, ஆண்டில் சில தடவைகளாவது அங்கே போவதும், மலர் வைப்பதும், அந்தப் பெயரை மறவாதிருப்பதுமே. இறந்தவனின் பிறந்த நாளிலும், நத்தார் காலத்திலும், மே மாத நினைவு நாளிலும் பலர் தவறாது செல்கின்றனர். வேறொரு பயனும் இல்லாத செயல் என்று எவரேனும் கூறக்கூடும். பயன் கருதாது செய்வதனாலேயே அது நன்றியாகின்றது என்பது நமது எண்ணம்.

பொதுவாக, "வீரர் அனைவருக்கும் எமது அஞ்சலி" என்று சொல்லிவிடுவது எளிது. அனைவரும் என்பதில் எவருடைய முகமும் தெரிவதில்லை. ஆகையால் அது விரைவில் வெறும் சடங்காகிவிடுகின்றது. மார்கிராட்டன் மக்கள் கண்ட வழி வேறு. பதினேழாயிரம் பேருக்கான கடன் எவராலும் தீர்க்கவொண்ணாதது. ஒருவனுக்கான கடனை ஒரு குடும்பம் தாங்க முடியும். அவனுக்கு ஒரு பெயர் உண்டு, ஓர் ஊர் உண்டு, அவன் வீழ்ந்த ஒரு நாள் உண்டு. வீட்டிலுள்ள குழந்தை, "நாங்கள் ஏன் இவனிடம் வருகின்றோம்?" என்று கேட்கும்போது, தாய் அவனுடைய கதையைச் சொல்ல வேண்டியதாகின்றது. சொல்லச் சொல்ல அக்கதை அடுத்த தலைமுறையின் சொத்தாகின்றது.

தாய்மாருக்குச் சென்ற கடிதங்கள்

இவ்வாறு கல்லறையை ஏற்றுக்கொண்டோரிற் பலர் அமெரிக்காவிலுள்ள பெற்றோருக்குக் கடிதம் எழுதலாயினர். மாஸ்ட்ரிக்ட் நகரத் தலைவரின் மனைவியாகிய எமிலி மிக்கியல்ஸ் வான் கெஸ்ஸனிக் அம்மையார் இப்பணியில் முன்னின்றார். பல பிள்ளைகளின் தாயாகிய அவர், மகனை இழந்த தாய்க்கு என்ன எழுதவேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தார். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கும் பயணஞ் செய்து, துயருற்ற குடும்பத்தாரைச் சந்தித்து வந்தார்.

அத்தகைய தாயொருத்தியின் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம். மகன் இறந்தான் எனத் தந்தி வந்தது. எங்கே புதைத்தார்கள் என்று பின்னர் ஒரு கடதாசி வந்தது. அவ்வூரின் பெயரை உச்சரிக்கவும் அவளுக்குத் தெரியாது. அப்படியிருக்க, ஒரு நாள் அறிமுகமில்லாத ஒரு பெண், தான் அவனிடம் சென்று மலர் வைத்ததாக எழுதுகின்றாள்; கல்லறையின் புகைப்படமும் உள்ளே இருக்கின்றது. துயரம் அதனால் நீங்கிவிடாது. ஆயினும், தன் மகன் அந்நிய தேசத்தில் அநாதையாகக் கிடக்கவில்லை என்ற ஆறுதல் சிறிதன்று.

யுத்தத்தின் பின் அமெரிக்க அரசு ஒவ்வொரு குடும்பத்தையும், மகனைத் தாயகத்துக்குக் கொண்டுவருவதா, அயல்நாட்டிலுள்ள அமெரிக்கச் சேமக்காலையிலேயே நிலையாக விடுவதா என்று கேட்டது. பெரும்பாலோர் திருப்பி அழைத்துக்கொண்டனர். ஏறத்தாழப் பத்தில் நால்வர் மார்கிராட்டனிலேயே விடப்பட்டனர். இன்று அங்கே 65 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 8,300 வெண்பளிங்குக் கற்கள் நிற்கின்றன. உடல் கிடைக்காதோரின் பெயர்கள் 1,722 சுவரிலே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவனுடைய எச்சங்கள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு அடையாளங் காணப்பட்டால், அவன் பெயரின் அருகே ஒரு சிறு வெண்கல மலர் பதிக்கப்படும்.

1960 ஜூலை 7ஆந் திகதி ஜூலியானா மகாராணியார் முன்னிலையில் நினைவாலயம் அர்ப்பணஞ் செய்யப்பட்டது. அதன் முகப்பிலே, மகனை இழந்து துயருறும் ஒரு தாயின் சிலை நிற்கின்றது. அவளருகே புறாக்களும், பட்ட மரத்திலிருந்து தளிர்க்கும் ஒரு புதுத் துளிரும் காட்டப்பட்டுள்ளன.

இங்கே பதவிப் பேதமும் இல்லை. 1945 மார்ச் 30ஆந் திகதி ஜேர்மனியில் பாடர்போண் நகருக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட மேஜர் ஜெனரல் மொரிஸ் ரோஸ் சாதாரண சிப்பாய்களிடையே, அதே அளவான கல்லின் கீழ்த் துயில்கின்றார்.

குழி தோண்டியவர்களுக்கு யார் நன்றி சொன்னார்?

இவ்வளவு அழகிய கதையிலும் நெடுங்காலம் சொல்லப்படாத ஒரு பகுதி இருந்தது. அம்மழையில், அச்சேற்றில், அத்தனை குழிகளையும் தோண்டியவர் யார்? 960ஆவது சேவைக் கம்பனியைச் சேர்ந்த கறுப்பு இனத்து அமெரிக்கச் சிப்பாய்களே அவ்வேலையின் பெரும் பாரத்தைச் சுமந்தனர். அக்காலத்து அமெரிக்க இராணுவத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி அணிகள். உறங்குமிடமும் உண்ணுமிடமும் வேறு வேறு. உயிரோடிருந்த காலத்தில் தம்மோடு ஒரே அறையில் அமர அனுமதிக்கப்படாதவர்களை, அந்த இளைஞர் தம் கைகளாலேயே மண்ணுக்கு ஒப்புவித்தனர். இறந்தோரிடையே மட்டும் அந்த வேலி இருக்கவில்லை. அங்கே கறுப்பு வீரரும் வெள்ளை வீரரும் அருகருகே கிடக்கின்றனர்.

அவ்வணியில் ஒருவர் ஜெபர்சன் விகின்ஸ். அலபாமா மாநிலத்தில் வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. தாயகம் திரும்பிக் கல்வி கற்று ஆசிரியப் பணியில் உயர்ந்தார். ஆனால் மார்கிராட்டனைப் பற்றிப் பல பத்தாண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. அக்கொடுமையை மனத்தின் ஆழத்தில் புதைத்துவிட்டிருந்தார். இராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையை ஜனாதிபதி ட்ரூமன் 1948இல் பிறப்பித்தார். எனினும் குழி தோண்டிய கைகளைப் பற்றி எவரும் அவரிடம் விசாரிக்கவில்லை.

நெதர்லாந்து வரலாற்று ஆர்வலர் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பின்னரே அம்மௌனம் கலைந்தது. 2009ஆம் ஆண்டில், அதாவது அறுபத்தைந்து ஆண்டுகளின் பின், முதியவராகிய விகின்ஸ் மீண்டும் மார்கிராட்டனுக்கு வந்து அக்கற்களிடையே நடந்தார். 2013இல் அவர் காலமானார். இன்னும் நான்கு ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்நன்றி அவருடைய செவியில் விழுந்திராது. நன்றிமிக்க ஓர் ஊரினருக்கும் சிலரை மறந்துபோதல் நேர்கின்றது. அதனை உணர்ந்தபோது, காலங் கடந்துவிட்டது என்று சும்மா இராமல் தேடிச் சென்றதே அவர்களின் பெருமை.

முகந் தேடும் பணி

1944இல் அமெரிக்க வீரன் கொடுத்த சொக்கலேற்றை வாங்கித் தின்ற சிறுவர், இன்று உயிரோடிருப்பின் தொண்ணூறு வயதை அணுகியோ கடந்தோ இருப்பர். நேரிற் கண்டோர் மறைந்தபின் நன்றியும் மறைந்துவிடுமோ என்ற ஐயம் அவ்வூரவர்க்கும் எழாமலில்லை. ஆனால் நடந்ததோ வேறு. தாத்தா ஏற்ற கல்லறையைப் பேத்தி ஏற்றிருக்கின்றாள். ஒவ்வொரு கல்லறைக்கும் மாத்திரமன்றி, சுவரிலுள்ள பெயர்களுக்கும் தத்தெடுத்தோர் உளர். புதிதாக ஏற்க விரும்புவோர் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டியிருக்கின்றது!

இத்தலைமுறையினர் தம் பங்குக்கு ஒரு புதுப் பணியையும் தொடங்கினர். பெயர் இருக்கின்றது, முகம் எங்கே என்று அவர்கள் கேட்டனர். பழைய பாடசாலை மலர்களிலும், ஊர்ப் பத்திரிகைகளிலும், குடும்பப் பெட்டிகளிலும் தேடி, அவ்வீரரின் புகைப்படங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துவருகின்றனர். 2015ஆம் ஆண்டு முதல், சில தினங்களுக்கு அப்படங்களைக் கல்லறைகளின் அருகே நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டிருக்கின்றது. அந்நாட்களில் அங்கே செல்வோர் வெறுங் கற்களையன்றி, சிரிக்கும் இளைஞர் கூட்டத்தைக் காண்கின்றனர். ஒருவன் தொப்பியைச் சரித்து வைத்திருக்கின்றான். மற்றொருவனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருக்கின்றது. பல்லாண்டுகளாகத் தாம் மலர் வைத்துவந்தவனின் முகத்தை முதன்முதலாகக் கண்டு கண்ணீர் விட்டோரும் உளர்.

நம் நாட்டிலும் உள்ள பெயர்கள்

அதே யுத்தம் நம் கடற்கரையையும் தொட்டது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது; அதில் 307 பேர் மாண்டனர். அந்த யுத்த காலத்தில் இங்கு உயிர்நீத்தோருக்காகத் திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வழியில் ஒரு சேமக்காலை உண்டு. கண்டியிலும் ஒன்று உண்டு. பிரித்தானியர் மாத்திரமன்றி, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தோரும், இலங்கையரும் கண்டியிலே அடக்கப்பட்டுள்ளனர். புல் வெட்டவும் கல் துலக்கவும் அங்கும் ஆட்கள் இருக்கின்றனர். பெயரை நின்று வாசிப்போரே அரியர்.

பாடசாலைச் சுற்றுலாவுக்காக அவ்வழியே செல்லும் மாணவர், அரைமணி நேரம் அங்கே இறங்கி, ஆளுக்கொரு கல்லின் முன் நிற்கலாம். பெயர், வயது, இறந்த திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து, அவன் எந்நாட்டவன், எதற்காக இங்கு வந்தான், எப்படி மாண்டான் என்று ஆசிரியரின் உதவியுடன் தேடி அறியலாம். பல கற்களில் வயது இருபதைச் சுற்றியே இருக்கும். வாசிக்கும் மாணவனின் தமையனுக்குள்ள வயது அது. பெற்றோரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது ஒரு பிடி மலர் கொண்டு செல்லலாம். யார் வைத்தார்கள் என்று அங்கே துயில்வோன் அறியப்போவதில்லை. தொலைவிலுள்ள அவனுடைய குடும்பத்தாரும் அறியாதிருக்கக்கூடும். கூடச் சென்ற பிள்ளை அறியும், அதுவே போதும்.